பிபிசி மைக்ரோ மாடல் பி: யாரோ கம்பி இழுத்து மாற்றிய பெட்டி. எதைக் கழற்றலாம், எதை விட்டுவைக்கலாம்?

பரண்மேல் எழுதியது (#1)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு பள்ளியில் பழைய பொருள் அறையைக் காலி செய்தார்கள். இரண்டு பீரோவுக்கு நடுவே ஒரு கணினி கிடப்பதாக அங்கே வயரிங் வேலை பார்த்த நண்பர் சொன்னார். எடைக்குப் போக இருந்ததை, எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிட்டேன். தூத்துக்குடியில் என் வீட்டு மேசைமேல் இப்போது இருப்பது ஏகார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ, மாடல் பி. 6502 ப்ராசசர், 2 மெகாஹெர்ட்ஸ், 32 கே நினைவகம். சிவப்பு ஃபங்ஷன் கீ பத்தும் அப்படியே இருக்கின்றன. புள்ளிகளால் ஆன அந்த ஆந்தைச் சின்னமும் அழியவில்லை.

இது நம்மூருக்கு எப்படி வந்தது என்று புதியவர்களுக்காக ஒரு வரி. 1984-இல் மத்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்கான கணினித் திட்டத்தைத் தொடங்கின. முதல் கட்டத்தில் 250 பள்ளிகள். அங்கே போனவை பிபிசி மைக்ரோக்கள்தான். இதுவும் அப்படி வந்த பெட்டி என்று பள்ளியில் சொன்னார்கள்.

மூடியைத் திறந்தேன். திருக வேண்டிய நான்கு ஸ்குரூவுக்கும் பக்கத்தில் 'ஃபிக்ஸ்' என்று அச்சிட்டிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. உள்ளே பார்த்தால் யாரோ நிறைய வேலை செய்திருக்கிறார்கள்:

வலது பக்கத்தில் ராம் சிப்கள் இரண்டை ஒன்றின் முதுகில் ஒன்றாக ஏற்றி, ஐசி 101 சாக்கெட்டில் செருகியிருக்கிறார்கள். இரண்டும் 6264. மேல் சிப்பில் 26, 27, 28-ஆம் கால்களையும் கீழ்ச் சிப்பில் 27, 28-ஆம் கால்களையும் வெளியே வளைத்துத் தனிக் கம்பி போட்டிருக்கிறது. கம்பிகள் ஒரு சின்ன டாட் போர்டுக்குப் போகின்றன. அந்த போர்டை இரட்டைப் பக்க டேப்பால் சாக்கெட்டுகளுக்கு மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு 74எல்எஸ்04, இரண்டு டயோடு, ஒரு ரெசிஸ்டர், பீப்பாய் மாதிரி ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி. பின்பக்கம் ஓட்டை போட்டு ஒரு டாகிள் சுவிட்ச். சுவிட்சின் ஒரு பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி.

பக்கத்து ஐசி 100 சாக்கெட்டில் ஒரு ஈப்ராம், அதாவது கரண்ட் போனாலும் ப்ரோகிராமை வைத்திருக்கிற, அழித்துத் திரும்ப எழுதக்கூடிய சிப். அதன் கண்ணாடி ஜன்னலில் மருந்துப் பாட்டிலில் ஒட்டுகிற வெள்ளை லேபிள். மேலே நீல மையில் 'எழுத்து 3' என்று தமிழில்.

பேட்டரி கசிந்திருக்கிறது. கீழே சாக்கெட்டெல்லாம் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கிறது. இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. எங்கே தொடங்குவது? இந்த ஒட்டுவேலையையெல்லாம் எடுத்துவிட்டுக் கம்பெனியிலிருந்து வந்தபடி ஆக்கிவிடுவதா, விட்டுவைப்பதா?

சீரிஸ்பல்பு எழுதியது (#2)

தம்பி, கரண்ட் கொடுக்காமல் இருந்தீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. கொடுத்துவிடவும் வேண்டாம்.

முதலில் பவர் சப்ளை. அந்தத் தகர டப்பாவைக் கழற்றித் திறந்தால், மெயின்ஸ் உள்ளே வரும் இடத்தில் தேன் நிறத்தில் கண்ணாடி போல இரண்டு கப்பாசிட்டர் நிற்கும். ஒன்று 0.1 மைக்ரோஃபேரட், இன்னொன்று 0.01. உள்ளே உலோகம் பூசிய காகிதம். முப்பது நாற்பது வருடத்தில் மேல் ஓட்டில் மயிரிழை விரிசல் விழும், அது வழியாக ஈரம் உள்ளே போகும், ஒருநாள் வெடித்துப் புகையும். என் முதல் பெட்டியில் இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகுதான் வெடித்தது. அந்தப் புகையின் நாற்றம் திரைச்சீலையிலிருந்து போக ஒரு வாரம் ஆயிற்று. விரிசல் தெரியவில்லை என்றாலும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கு அதே அளவில் எக்ஸ்2 தரம் அச்சிட்ட ஃபிலிம் கப்பாசிட்டர்தான் வேண்டும். கடையில் 'இதுவும் அதேதான் சார்' என்று சாதாரண பாலியெஸ்டர் கப்பாசிட்டரைக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். மெயின்ஸுக்குக் குறுக்கே நிற்கிற பொருள் அது.

இது எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) வகை. 230 வோல்ட் நேராக ரெக்டிஃபை ஆகிப் பெரிய கப்பாசிட்டரில் 320 வோல்ட் டிசி நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். மீட்டரில் பார்த்துப் பூஜ்யத்துக்கு வந்த பிறகே கை வையுங்கள்.

மாற்றிய பின் சீரிஸ் பல்பு, அதாவது மெயின்ஸ் வரும் கம்பியின் வழியில் ஒரு பல்பு, போட்டு ஆன் செய்யுங்கள். 60 வாட் குண்டு பல்பு போதும். ஒரு நொடி மின்னி அணைந்தால் சரி, முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். போர்டை இணைக்காமல், 5 வோல்ட்டில் ஏதாவது லோடு கொடுத்துச் சோதியுங்கள். நான் பழைய 12 வோல்ட் வண்டி பல்பு ஒன்றை அதற்கென்றே வைத்திருக்கிறேன். இந்த சப்ளையிலிருந்து போர்டுக்கு மூன்று ஜோடி 5 வோல்ட் கம்பிகளும், தனியாக ஒரு மைனஸ் 5 வோல்ட் கம்பியும் போகும். எல்லாவற்றையும் அளந்து எழுதி வையுங்கள்.

பேட்டரியை இன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள். நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே.

ரிச்சித்தெரு தம்பி எழுதியது (#3)

அண்ணே, நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். டாட் போர்டு, ஏறி உட்கார்ந்த ராம், சுவிட்ச், எல்லாமே. நான் நாலைந்து பெட்டி செய்து பார்த்தவரையில், பழுது பாதி இந்த மாதிரி பின்னால் சேர்த்த வேலையில்தான் வருகிறது. கம்பி தளர்ந்திருக்கும், ஈயம் சரியாகப் பிடித்திருக்காது. பெட்டி உயிரோடு வந்த பிறகு பார்த்தால் எது மூலம், எது ஒட்டு என்றே தெரியாது. நாளைக்கு வேறொருவர் சர்க்யூட் படத்தை வைத்துக்கொண்டு இதைத் திறந்தால் குழம்பிப் போவார்.

ஓட்டையைப் பிளாஸ்டிக் கரைத்து அடைத்துவிடலாம். வெளியே தெரியாத மாதிரி எப்படிச் செய்வது என்று நான் சொல்லித் தருகிறேன்.

கணக்கு டீச்சர் எழுதியது (#4)

நான் இங்கே படிப்பேன், எழுதுவது குறைவு. இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பள்ளிக்கும் இந்தக் கணினி வந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவோம். ஒரு பெட்டிக்கு மூன்று பிள்ளைகள்: ஒருத்தி டைப் அடிப்பாள், ஒருத்தி நோட்டைப் பார்த்துப் படிப்பாள், மூன்றாமவள் கையைக் கட்டிக்கொண்டு தன் முறை எப்போது வரும் என்று நிற்பாள். கூட வந்த பாடங்களெல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்வழிப் பிள்ளைகள் திரையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

'எழுத்து 3' என்று லேபிளில் இருக்கிறது என்கிறீர்களே தம்பி. மூன்று என்றால் அதற்கு முன்னால் ஒன்றும் இரண்டும் இருந்திருக்கும். அங்கே ஒருவர் மூன்று தடவை முயன்றிருக்கிறார். அது என்ன என்று பார்க்காமல் எதையும் கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பரண்மேல் எழுதியது (#5)

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்தபோது பேட்டரியை ஏற்கனவே வெட்டி எடுத்திருந்தேன். வேறு எதையும் தொடவில்லை.

ஞாயிறு முழுக்கச் சுத்தம் செய்வதில் போயிற்று. நிக்கல் காட்மியம் பேட்டரியில் கசிவது காரம் என்பதால் வெள்ளை வினிகரைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுக் களிம்பின் மேல் வைத்தேன். லேசாக நுரைத்தது. அப்புறம் டிஸ்டில்டு வாட்டர், அதன்பின் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய பல்துலக்கி. சாக்கெட்டில் இருந்த சிப்களைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று நோட்டில் வரைந்து வைத்தேன். அந்த நோட்டுப் பக்கத்துக்கே ஒன்றரை மணி நேரம். செலவழித்ததில் வருத்தமில்லை.

தேன் நிறக் கப்பாசிட்டர்கள் இரண்டிலும் வலைபோல விரிசல். மாற்றியாயிற்று. சீரிஸ் பல்பு மின்னி அணைந்தது. லோடு போட்டு 5.04 வோல்ட், மைனஸ் பக்கம் 4.97.

தைரியமாக போர்டை இணைத்தேன். ஆன் செய்ததும் 'பூ...' என்று ஒரே சத்தம். நிற்கவே இல்லை. திரையில் ஒன்றும் இல்லை.

சீரிஸ்பல்பு எழுதியது (#6)

அந்தச் சத்தம் நல்ல சேதிதான். நல்ல பெட்டியில் இரண்டு சத்தம் வரும்: முதலில் கனமாக ஒரு 'பூ', உடனே மெலிதாக ஒரு 'பீப்'. கரண்ட் வந்ததும் ஒலிச் சிப் தானாகவே கத்தத் தொடங்குகிறது. அதுதான் 'பூ'. ஓஎஸ் எழுந்து அதை அடக்கி, தன் பங்குக்கு 'பீப்' அடிக்கிறது. உங்களுக்கு 'பூ' நிற்கவில்லை என்றால், சத்தத்தை அடக்க ஓஎஸ் எழுந்து வரவில்லை. ப்ராசசர் ஓடவில்லை, அல்லது ஓஎஸ் எழுதியிருக்கிற ரோம் சிப்பிலிருந்து தப்பாகப் படிக்கிறது.

லாஜிக் ப்ரோப் இருந்தால் 6502-இன் 40-ஆம் காலைப் பாருங்கள், அது ரீசெட். ஆன் செய்ததும் சற்று நேரம் கீழே இருந்து பிறகு மேலே போக வேண்டும். 37-ஆம் காலில் கிளாக் துடிக்க வேண்டும். 7-ஆம் கால் சிங்க், அங்கே துடிப்பு இருந்தால் ப்ராசசர் ஏதோ கட்டளையை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மூன்றும் சரி என்றால் டேட்டா பஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். கசிவு விழுந்த சாக்கெட்டுகளில் அடுத்தடுத்த கால்களுக்கு நடுவே, கரண்ட் இல்லாமல், ஓம்ஸ் பாருங்கள். ஓஎஸ் ரோமும் மற்ற ரோம்களும் அதே எட்டு டேட்டா கோட்டில்தான் தொங்குகின்றன. கடைசி சாக்கெட்டில் இரண்டு கால் ஒட்டிக்கொண்டாலும் முதல் சாக்கெட்டில் இருப்பது பேசாது.

பரண்மேல் எழுதியது (#7)

கண்டுபிடித்துவிட்டேன். ரீசெட் சரி, கிளாக் சரி, சிங்க்கில் துடிப்பும் இருந்தது. ஐசி 100 சாக்கெட்டில் 11-க்கும் 12-க்கும் நடுவே 38 ஓம். அது முதல் இரண்டு டேட்டா கோடுகள். மேலே இருந்து பார்த்தால் சாக்கெட் பளிச்சென்று இருக்கிறது. அதை டீசால்டர் செய்து தூக்கியதும் அடியில் பச்சையும் கறுப்புமாகத் தடித்த ஒரு பொருக்கு, இரண்டு காலையும் இணைத்துக்கொண்டு. சுரண்டி எடுத்ததில் நல்லவேளை டிராக் அறுந்திருக்கவில்லை, மேல் பூச்சு மட்டும் போயிருக்கிறது. திருகிச் செய்த காலுள்ள புது சாக்கெட் போட்டேன். 101-ஐயும் அப்படியே மாற்றினேன்.

ஆன் செய்தேன். 'பூ', 'பீப்'. வீட்டில் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள்.

திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று வந்தது. அதன் கீழே 'லாங்குவேஜ்?' என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டது.

சீரிஸ்பல்பு எழுதியது (#8)

ஓஎஸ்ஸுக்கு பேசிக் ரோம், அதாவது பேசிக் என்ற ப்ரோகிராம் மொழி இருக்கிற சிப், கண்ணில் படவில்லை என்று அர்த்தம். ஐசி 52-ஐ மெதுவாகக் கழற்றி, கால்களை மை அழிக்கிற ரப்பரால் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். ஸ்குரூ டிரைவரால் ஒரே பக்கம் நெம்பாதீர்கள், கால் வளைந்து ஒடியும். இரண்டு முனையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக.

பரண்மேல் எழுதியது (#9)

வந்துவிட்டது. பேசிக் எழுந்து, அந்தக் கூர்க்குறியும் கண் சிமிட்டுகிற கர்சரும் வந்துவிட்டன. மிக்க நன்றி அண்ணா. எழுதிப் பார்த்த முதல் ப்ரோகிராம் என் பெண்ணின் பெயரைத் திரை நிரப்புவது. அவளே அடித்தாள்.

ஸ்பேஸ் பார் மட்டும் இரண்டு தடவை அழுத்தினால் ஒரு தடவை விழுகிறது. கான்டாக்ட் கிளீனர் வாங்கப் போகிறேன்.

மஞ்சள்பெட்டி எழுதியது (#10)

வாழ்த்துகள்! படத்தில் மேல் மூடி நன்றாக மஞ்சள் பாரித்திருக்கிறது. வெளுக்க வைக்க விருப்பம் இருந்தால் அழகுப் பொருள் கடையில் 40 வால்யூம் க்ரீம் டெவலப்பர் கேளுங்கள், தலைமுடிக்குச் சாயம் போடும்போது சேர்ப்பது. அதில் 12 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. மூடியைத் தனியாகக் கழற்றி, பூசி, உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடி வெயிலில் வையுங்கள். மணிக்கு ஒருமுறை திருப்பி, க்ரீம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த இடம் திட்டுத் திட்டாக நிற்கும். ரப்பர் கையுறை கட்டாயம். தூத்துக்குடி வெயிலுக்கு ஒரு நாள் போதும்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த வெண்மை நிலைக்காது. நான் வெளுத்தவற்றில் இரண்டு, துணி போட்டு மூடி இருட்டு அலமாரியில் வைத்திருந்தும் திரும்ப மஞ்சளாகிவிட்டன. இப்போதெல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவி நிறுத்திக்கொள்கிறேன்.

ரிச்சித்தெரு தம்பி எழுதியது (#11)

அண்ணே, ஈப்ராமைப் படித்தீர்களா? டீச்சர் எழுதியதிலிருந்து எனக்கும் அதே நினைப்பாக இருக்கிறது. கண்ணாடி ஜன்னல் மேல் உள்ள லேபிளை மட்டும் உரிக்காதீர்கள். வெயில் பட்டால் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக அழியும். யூஎஸ்பியில் போடுகிற ப்ரோகிராமரில் வைத்து இரண்டு மூன்று தடவை படித்து, எல்லாம் ஒன்றுபோல் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். தடவைக்குத் தடவை மாறினால் சிப் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது அவசரப்படாமல் இங்கே கேளுங்கள்.

பரண்மேல் எழுதியது (#12)

ஐந்து தடவை படித்தேன். ஐந்தும் ஒன்றுதான். 16 கே ஈப்ராமில் முதல் 5 கே-க்குக் கொஞ்சம் மேலே மட்டுமே எழுதியிருக்கிறது.

கோப்பாக எடுத்து வைத்த பிறகு சிப்பைத் திரும்பச் செருகி, நட்சத்திரக் குறி போட்டு 'ஹெல்ப்' என்று அடித்தேன். ரோம்களின் பட்டியலில் 'தமிழ் 3' என்று ஆங்கில எழுத்தில் வந்தது. சரி என்று நட்சத்திரக் குறியுடன் 'தமிழ்' என்று ஆங்கிலத்தில் அடித்து ரிட்டர்ன் தட்டினேன். திரை ஒருமுறை அழிந்து, மோட் 4 என்கிற படம் வரையும் திரை முறைக்கு மாறியது. மேல் வரியில் 'அ ஆ இ ஈ' என்று ஒவ்வொன்றாக எழுத்துகள் வந்து உட்கார்ந்தன.

கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் செய்யத் தோன்றவில்லை. மகள்தான் 'அப்பா, க எங்கே இருக்கு' என்று ஒவ்வொரு கீயாக அழுத்திப் பார்த்தாள்.

பிறகு உட்கார்ந்து எப்படிச் செய்திருக்கிறார் என்று பார்த்தேன். தெரிந்தவர்களுக்கு இது ஒரு விருந்து, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தப் பெட்டியில் நாம் ஒரு எழுத்தை வரைய வேண்டுமென்றால் 8க்கு 8 புள்ளி கொண்ட ஒரு கட்டம்தான். விடியு 23 கட்டளையில் எழுத்தின் எண்ணும் எட்டு பைட்டும் கொடுத்தால் அது திரையில் வரும். சாதாரணமாக 32 எழுத்துகளுக்கு மட்டுமே இடம். எஃப்எக்ஸ் 20,3 என்று கொடுத்தால் 128 முதல் 255 வரை 128 எழுத்துக்கு இடம் கிடைக்கும். ஆனால் அதற்கு விலையாக 768 பைட் நினைவகத்தைத் தர வேண்டும். இவர் அந்த வழியைத்தான் எடுத்திருக்கிறார். ஆங்கில எழுத்துகளைத் தொடவில்லை.

128 கட்டத்தில் 247 எழுத்து எப்படி அடங்கும்? அதுவும் ண, ஞ, ழ மாதிரி எழுத்து எட்டுப் புள்ளி அகலத்தில் எந்தக் காலத்திலும் நிற்காது. ட, ப, ம, ய, ர போன்றவற்றுக்கு ஒரு கட்டம் கொடுத்திருக்கிறார். அகலமானவற்றுக்கு இரண்டு கட்டம், இடது பாதி, வலது பாதி. ண-வுக்கும் ன-வுக்கும் வலது பாதி ஒன்றே. இப்படி எங்கெல்லாம் பாதி பொருந்துகிறதோ அங்கெல்லாம் பகிர்ந்து, கட்டங்களை மிச்சம் பிடித்திருக்கிறார். புள்ளிக்கு ஒரே ஒரு கட்டம்தான். அதில் மேல் வரிசையில் ஒரு பிட் மட்டும். விடியு 5 போட்டால் எழுத்தின் மேல் எழுத்து அழியாமல் விழும். க-வை எழுதிவிட்டு அதே இடத்தில் புள்ளியை எழுதினால் க் ஆகிவிடுகிறது. இகரக் கொக்கியும் ஈகாரச் சுழியும் அப்படியே. உகர ஊகார வரிசைதான் அவரைப் படுத்தியிருக்கிறது. அங்கே எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுவதால் தனித்தனியே வரைந்திருக்கிறார், பாதிக் கட்டங்கள் அதிலேயே போய்விட்டன.

மோட் 7-இல் இது வேலை செய்யாது, அங்கே டெலிடெக்ஸ்ட் சிப் தன் எழுத்துகளைத் தானே வைத்திருக்கிறது. மோட் 6-இல் புள்ளி விழாது, அது வெறும் எழுத்து மோட். மோட் 4 எடுத்தால் திரைக்கே 10 கே போய்விடும். டிஸ்க் ரோம் உள்ள பெட்டியில் ப்ரோகிராமுக்கு மிஞ்சுவது 15 கே. அதற்குள் பாடம் நடத்த வேண்டும்.

முதுகில் ஏறிய அந்த ராம் எதற்கு என்பதும் இப்போதுதான் புரிகிறது. அது 16 கே சைடுவேஸ் ராம், அதாவது ரோம் சாக்கெட்டில் உட்கார்ந்து ரோம் போலவே வேலை செய்கிற ராம். ஈப்ராமில் எழுதினால் தப்பு வந்ததும் புற ஊதா விளக்கில் வைத்து அழித்துத் திரும்ப எழுத வேண்டும். ராமில் ஏற்றி, சோதித்து, திருத்தி, சரியான பிறகு ஈப்ராமில் எழுதியிருப்பார். கரண்ட் போனால் வேலை போகக் கூடாது என்று பேட்டரி. பின்னால் உள்ள சுவிட்ச், எழுதுவதைத் தடுக்கிற பூட்டு. சிவப்புப் புள்ளி பக்கம் தள்ளினால் ராமில் எழுத முடியாது. ரோம் சாக்கெட்டில் 26-ஆம் காலில் 13-ஆம் அட்ரஸ் கோடு வருகிறது, 6264-இல் அதே கால் தேர்வுக் கால். கீழ்ச் சிப்புக்கு அதை அப்படியே விட்டு, மேல் சிப்புக்கு மட்டும் 74எல்எஸ்04-இல் ஒரு கேட் வழியாகப் புரட்டிக் கொடுத்திருக்கிறார். இரண்டு 8 கே சேர்ந்து ஒரு 16 கே ஆகிவிட்டது.

ரிச்சித்தெரு தம்பி எழுதியது (#13)

நான் மூன்றாம் பதிவில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அதைக் கழற்றியிருந்தால் பெரிய தப்பு நடந்திருக்கும். அந்த ஓட்டையை அடைக்க வேண்டாம்.

ஆனாலும் சால்டரிங் விஷயத்தில் நான் சொன்னது இன்னும் நிற்கிறது அண்ணே. ஈயம் மங்கி உருண்டையாக நிற்கிற இடங்களில் ஃப்ளக்ஸ் தொட்டு ஒருமுறை உருக்கிவிடுங்கள். கம்பியின் நிறம், போகிற வழி, எதையும் மாற்ற வேண்டாம். அந்த இணைப்புகளை மட்டும் உறுதியாக்கிவிடுங்கள்.

பேட்டரி இடத்தில் என்ன போடப் போகிறீர்கள்? பழைய நிக்கல் காட்மியம் வகையே திரும்ப வேண்டாம். பட்டன் செல் போடலாம், சிஆர்2032. ஆனால் அந்த ரெசிஸ்டர் பழைய பேட்டரியைச் சார்ஜ் செய்ய வைத்தது. லித்தியம் பட்டன் செல்லுக்குச் சார்ஜ் போகவே கூடாது, வீங்கி வெடிக்கும். ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு, செல்லுக்கு ஒரு ஷாட்கி டயோடு போடுங்கள். 3 வோல்ட்டில் டயோடு கொஞ்சம் சாப்பிட்டாலும் 2.7 நிற்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற 6264 வகை 2 வோல்ட் வரை உள்ளே இருப்பதை விடாது. செல்லை போர்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் ஒரு முழக் கம்பி விட்டு, தனி ஹோல்டரில் பெட்டியின் ஓரத்தில் வையுங்கள்.

கணக்கு டீச்சர் எழுதியது (#14)

தம்பி, நீங்கள் கணினித் திரையை எடுத்துப் போட்ட போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு விஷயம் கவனித்தீர்களா? ணை, லை, னை எல்லாம் புது வடிவத்தில், முன்னால் தனிக் கொம்பு போட்டு வருகின்றன. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்ட பிறகு நாங்களே கரும்பலகையில் பழைய யானைத் தும்பிக்கை போட்டுவிட்டு, பிள்ளைகள் சிரித்த பின் அழித்து எழுதியிருக்கிறோம். கை அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஐகாரத்துக்கு ஒரே குறி என்று ஆனதால் அவருக்கு எத்தனை கட்டம் மிச்சமாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ணா, றா, னா மூன்றும் சுழித்த வடிவத்தில் இருந்திருந்தால் அவற்றுக்கும் தனியாக வரைய வேண்டியிருந்திருக்கும்.

அப்புறம் கடைசி வரிசையில் தனியாக ஒரு 'லை' பழைய வடிவத்தில் நிற்கிறதே, அது என்ன? தேவையே இல்லாமல் இரண்டு கட்டம் கொடுத்திருக்கிறார்.

பரண்மேல் எழுதியது (#15)

டீச்சர், நான் அதைக் கவனிக்கவே இல்லை. இப்போது போய்ப் பார்த்தேன். எண் 254, 255. எந்தக் கீயை அழுத்தினாலும் அது வரவில்லை. ப்ரோகிராமில் எங்கேயும் அதைக் கூப்பிடவில்லை. வரைந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

மஞ்சள்பெட்டி எழுதியது (#16)

கூட ஏதாவது ஃப்ளாப்பி கிடைத்ததா? இவ்வளவு செய்தவர் பாடங்களும் எழுதியிருப்பாரே.

பரண்மேல் எழுதியது (#17)

ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி நான்கு, ஒரு காக்கி உறைக்குள். கடற்கரை ஊர், எல்லாவற்றிலும் பூஞ்சை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கருந்தட்டில் வெள்ளை வெள்ளையாக வட்டம். டிரைவில் போட்டால் ஹெட்டும் கெடும், தட்டும் சுரண்டிப் போகும் என்பதால் போடவில்லை.

சீரிஸ்பல்பு எழுதியது (#18)

போடாதீர்கள். உறையின் ஓரத்தை மெல்லிய பிளேடால் ஒரு பக்கம் மட்டும் வெட்டி, தட்டை வெளியே எடுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, பஞ்சால் வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து, இன்னொரு தடவை வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் காய வையுங்கள். பிறகு புது ஃப்ளாப்பி ஒன்றின் உறையைக் காலி செய்து அதற்குள் வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் ஹெட்டை ஆல்கஹாலால் துடையுங்கள். பெரிதாக ஒன்றும் படிக்க வேண்டியதில்லை, 40 ட்ராக் என்றால் ஒரு பக்கத்துக்கு 100 கே, அதிகபட்சம் 31 கோப்புதான் இருக்கும். முதலில் மிக மோசமாக இருக்கிற தட்டில் கை பழகாதீர்கள், உங்களிடமே உள்ள உபயோகமில்லாத ஃப்ளாப்பி ஒன்றில் பழகுங்கள்.

வீட்டில் வைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். உப்புக்காற்று ஊர் என்பதால் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், உள்ளே வேர்க்கும். பருத்தித் துணி போட்டு, சிலிக்கா ஜெல் வைத்து, மாதம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட விடுங்கள். திரைப் படத்தை உருவாக்குகிற வீடியோ யூஎல்ஏ சிப் சூடாகும், அதன் மேல் ஒரு சின்ன ஹீட்சிங்க் ஒட்டுங்கள். இந்தச் சிப் இனி எங்கும் செய்யப்படுவதில்லை, போனால் அசல் சிப்பை இன்னொரு பெட்டியைக் கொன்றுதான் எடுக்க வேண்டும்.

பரண்மேல் எழுதியது (#19)

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

நான்கில் இரண்டு ஃப்ளாப்பி முழுதாக வந்தன. ஒன்றில் பாதி. நான்காவதில் பூஞ்சை காந்தப் பூச்சையே தின்றுவிட்டிருக்கிறது, துடைத்தபோது பஞ்சோடு வந்துவிட்டது. வந்தவற்றில் வாய்ப்பாடு கேட்கிற ப்ரோகிராம் ஒன்று, ஒளிவிலகல் படம் வரைந்து தமிழில் பெயர் எழுதுகிற ஒன்று, இன்னும் சிலது.

பெட்டியில் நான் மாற்றியவை: கப்பாசிட்டர் இரண்டு, சாக்கெட் இரண்டு, பேட்டரிக்குப் பதில் தம்பி சொன்ன மாதிரி டயோடோடு பட்டன் செல். டாட் போர்டு அதே இடத்தில் இருக்கிறது, அடியில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்திருக்கிறேன். சுவிட்சும் நகப்பூச்சும் அப்படியே. எடுத்த பழைய பாகங்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, எந்தத் தேதியில் எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, நோட்டில் வரைந்த படத்தின் நகலோடு பெட்டிக்குள்ளேயே பவர் சப்ளைக்கு எட்டாத மூலையில் வைத்துவிட்டேன். மூடியை வெளுக்கவில்லை, கழுவினேன்.

பள்ளிக்குப் போய்க் கேட்டேன். இயற்பியல் எடுத்த ஒரு ஆசிரியர் இதை வைத்துக்கொண்டு சாயங்காலம் ஆறு ஏழு மணி வரை இருப்பார் என்று பழைய காவலாளி மட்டும் நினைவு வைத்திருக்கிறார். பெயர் அவருக்கு ஞாபகமில்லை, கை வைத்த வெள்ளைச் சட்டை மட்டும் ஞாபகம் இருக்கிறது. பழைய பதிவேட்டைத் தேடித் தருவதாக அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

டீச்சர், பாதி வந்த ஃப்ளாப்பியில் ஒரு கோப்பு இருக்கிறது. அதை ஓட்டினால் ஒரே ஒரு சொல் திரையின் நடுவில் வருகிறது: 'கலை'. கடைசி எழுத்துக்கு 254, 255 இரண்டையும் நேராக எண் கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறார். பழைய லை. அதன் கீழே ரிட்டர்ன் தட்டச் சொல்லி ஒரு வரி. தட்டினால் அந்த லை அழிந்து, அதே இடத்தில் புது வடிவம் வருகிறது. திரும்பத் தட்டினால் பழையது. எவ்வளவு நேரம் தட்டினாலும் மாறிக்கொண்டே இருக்கிறது.

கணக்கு டீச்சர் எழுதியது (#20)

பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டத்தான் எழுதியிருப்பார் தம்பி. வீட்டில் பாட்டி படிக்கிற பழைய புத்தகத்தில் ஒன்று இருக்கும், பாடப்புத்தகத்தில் வேறொன்று இருக்கும். நான் அதைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.

பதிவேடு கிடைத்தால் இங்கே பெயரைப் போட வேண்டாம். அவரிடமோ வீட்டாரிடமோ முதலில் போய்ச் சொல்லுங்கள். பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.